நின்றபடி ஓட்டிய காலம்

இரண்டு வாரத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை. தெரணியகலையில் என் ரிப்பேர் கடைக்குள், ஒரு த்ரீவீலுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். வெளியே கூரைத் தகரத்தைப் பெயர்த்துவிடுகிற மாதிரி மழை. போன் அடித்தது. தெரியாத நம்பர். கையெல்லாம் எண்ணெய்... ஒரு விரலைத் துடைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"தியாகு தானே?"

"ஆமாங்க. யாருங்க பேசுறது?"

"செல்லு பாப்போம், யாருண்டு?"

'சொல்லு' என்பதைச் 'செல்லு' என்றும் 'இருக்கு' என்பதை 'ஈக்கி' என்றும் சொல்கிற முஸ்லிம் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. ஆனால் இந்தக் குரலில், இந்த இழுப்போடு சொல்கிறவன் ஒருத்தன்தான். எஹலியகொட நிஸ்தார்.

கையிலிருந்த ஸ்பேனர் நழுவி நெற்றியில் விழுந்தது. வலி தெரியவில்லை. அவ்வளவு பயம்.

"வார ஞாயிறு பெந்தொட்டைக்கு வா மச்சான். அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் ஒண்ணு சேர்றோம். நின்டு ஓட்டுற பழைய ஜெட்ஸ்கி மூணு, ஓடுற நிலையில ஈக்கி. நான்தான் செஞ்சி வச்சிருக்கேன்."

"என் நம்பர் எப்படிக் கெடச்சிச்சு?"

"என்ட மச்சினன் ஒன்ட கடையிலதான் த்ரீவீல ரிப்பேருக்குக் குடுக்குறான். பேப்பர்ல நீ எழுதுறதையும் அவன்தான் காட்டினான். எனத்தடா, வாரம் தவறாம எழுதுற... எங்களப் பத்தி ஒரு வரி எழுதல்லியே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"வாரியா, இல்லியா?"

"வாரேன்" என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் த்ரீவீலுக்கு அடியிலேயே கிடந்தேன். முப்பது வருடம் கழித்துப் பழைய நண்பன் கூப்பிட்டால் சந்தோஷம்தானே வர வேண்டும்? எனக்கு ஏன் பயம் வந்தது?

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற உங்களுக்கு நான் பயந்தாங்கொள்ளி என்பது தெரியும். அட்டைக்குப் பயந்தது, மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் தலையணையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது... எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு பயத்தைத் தவிர.

அதை இன்றைக்கு எழுதப்போகிறேன்.

இப்போது கடற்கரைகளில் நீங்கள் பார்க்கிற ஜெட்ஸ்கி இருக்கிறதே, அது மிதக்கிற சோபா. உட்காரலாம், பின்னால் ஒருவரை ஏற்றலாம், செல்ஃபி எடுக்கலாம். நாங்கள் ஓட்டியது வேறு ஜாதி. அதில் சீட்டே கிடையாது. ஒல்லியான உடம்பு, பின்பக்கம் கால் வைக்க ஒரு சின்னத் தட்டு, முன்னாலிருந்து மேலும் கீழும் ஆடுகிற ஒரு கம்பம், அதன் நுனியில் ஹேண்டில். தண்ணீரில் படுத்த மாதிரி கிடந்து, எக்ஸிலேட்டரை அழுத்தி, அது ஓட ஆரம்பித்ததும் முழங்காலில் ஏறி, வேகம் வந்த பிறகுதான் எழுந்து நிற்க வேண்டும். வேகம் இல்லையென்றால் நிற்க முடியாது. நின்றால் விழுவீர்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. நிஸ்தாருக்கும் அதே வயது. அவனுடைய மாமா ஒருவர் அளுத்கமவில் இருந்தார். அவர் மூலமாகப் பெந்தொட்டை ஆற்றங்கரையில் ஒரு வாட்டர் ஸ்போர்ட்ஸ் இடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் மெக்கானிக் வேலை கிடைத்தது. அங்கே இருந்த கரையோரத்துப் பையன்கள், தேயிலை ஊர்ப் பக்கமிருந்து வந்த எங்களுக்கு வைத்த பெயர் 'தே கொல'. சிங்களத்தில் தேயிலை. "தே கொல தண்ணியில போட்டா ஊறிடும்" என்று சிரிப்பார்கள்.

சிரிப்பில் நியாயம் இருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு ஆறு என்றால் வெள்ளம், வெள்ளம் என்றால் சாவு. பிள்ளைகளை ஆற்றுப் பக்கம் விடவே மாட்டார்கள். லைஃப் ஜாக்கெட் ஒன்றை நம்பித்தான் நான் அந்த ஆற்றில் இறங்கினேன். அந்த ஆற்றிலோ முதலை உண்டு. 'கிம்புலா' என்று யாராவது விளையாட்டுக்குக் கத்தினால்கூட எனக்குக் கால் இரண்டும் தானாக மடங்கும்.

அப்புறம் ஏன் ஓட்டினாய் என்று கேட்பீர்கள். சண்டை நடந்த காலம் அது. பெந்தொட்டைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் என் பெயரைக் கேட்டதும் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பஸ்ஸிலிருந்து என்னை மட்டும் இறக்குவார்கள். தண்ணீரில் யாரும் என்னிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. நின்றபடி பறந்தேன். அந்தப் பயமும் வேண்டியிருந்தது... அந்தப் பறப்பும் வேண்டியிருந்தது.

முதல் போட்டிகளை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆரஞ்சு பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் கேன்களைச் சிமெந்துக் கட்டியில் கட்டி ஆற்றில் மிதக்க விடுவோம். அதுதான் ரேஸ் பாதை. விதிமுறைகள் ஒரு ஹோட்டல் மெனு கார்டின் பின்பக்கம் எழுதப்பட்டிருந்தன. இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நிற்போம். ஆளுக்கொருவர் பின்னாலிருந்து ஸ்கியைப் பிடித்திருப்பார். நீச்சல் குளத்துச் சிவப்புத் துவாலையை ஒருவர் உயர்த்துவார். அது கீழே விழுந்ததும் பெட்ரோலும் எண்ணெயும் கலந்து எரிகிற அந்த நீலப் புகை... அந்த வாசனை இன்றைக்கும் புல்வெட்டி மெஷினை ஸ்டார்ட் செய்யும்போது மூக்கில் ஏறும். ஏறினால் ஒரு நிமிஷம் எனக்கு இருபத்திரண்டு வயது.

பரிசு ஒரு சின்னக் கப், ஒரு டீ-ஷர்ட். டீ-ஷர்ட் எல்லாம் ஒரே சைஸ். எனக்கு முழங்கால் வரை வரும்.

நான் சுமாரான ஆள். நிஸ்தார் அப்படியில்லை. திருப்பத்தில் அவன் சாய்ந்தால் தோள் தண்ணீரைத் தொடும். நடந்த நான்கு போட்டியில் மூன்றில் அவன்தான் முதல். ஐந்தாவதில் ஜெயித்தால் வெளிநாட்டில் நடக்கிற போட்டிக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லியிருந்தார். நிஸ்தார் பாஸ்போர்ட் போட்டோகூட எடுத்து வைத்திருந்தான். சட்டைப் பையிலேயே கொண்டு திரிவான். தே கொல வெளிநாடு போகப்போகிறது என்று எனக்கும் பெருமை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெட்ஸ்கிக்குப் பிரேக் கிடையாது. சுக்கானும் கிடையாது. பின்னாலிருந்து பீறிடுகிற தண்ணீர்தான் அதைத் திருப்புகிறது. எக்ஸிலேட்டரை விட்டால் தண்ணீர் பீறிடாது. அப்போது ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நேராகத்தான் போகும். ஆகவே எதிரே ஆபத்தைக் கண்டால் அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். ஆனால் பயந்த மனிதனின் கை என்ன செய்யும்? விடும்.

ஐந்தாவது போட்டி. கடைசிச் சுற்று. நிஸ்தார் முன்னால், நான் அவனுக்குப் பின்னால் இரண்டாவது. கடைசிக் கேனில் அவன் சாய்ந்தான்... எவனோ ஒருவனுடைய படகு எழுப்பிய அலை குறுக்கே வந்தது. ஸ்கி நழுவியது. அவன் தண்ணீரில் விழுந்தான்.

நான் அவனைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஆரஞ்சு ஜாக்கெட், நெற்றியில் ஒட்டிய முடி, என்னையே பார்த்த இரண்டு கண்கள். பதினைந்து மீட்டர் இருக்கும். அழுத்தித் திருப்பியிருந்தால் இன்னொரு ஸ்கி போகிற அளவுக்கு இடம் இருந்தது.

என் கை விட்டுவிட்டது.

இன்ஜின் சத்தம் இறங்கியது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினேன். ஸ்கி திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அந்தச் சத்தம்... அதை எழுத வேண்டாம்.

நானும் தண்ணீரில் விழுந்தேன். மீன்பிடிப் படகொன்று வந்து இரண்டு பேரையும் தூக்கியது. நிஸ்தாருடைய வலது முழங்கால், இருக்க வேண்டிய திசையில் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். கால் முழுக்கக் கட்டு. அவனே பேச்சைத் தொடங்கினான்.

"தண்ணி தெறிச்சதுல ஒனக்கு என்னத் தெரியல்ல, அப்படித்தானே?"

அவன் கேள்வி கேட்கவில்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டான். நான் அதற்குள் ஓடிப்போனேன்.

"ஆமாடா. ஒண்ணுமே தெரியல்ல."

அவ்வளவுதான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த வாரமே துணிமணியைக் கட்டிக்கொண்டு தெரணியகலைக்கு வந்துவிட்டேன். அவன் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. மூன்றாவது வரவில்லை.

இப்போது புரிகிறதா, அந்த ஸ்பேனர் ஏன் நழுவியது என்று?

வீட்டில் என் மனைவி புஷ்பாவிடம் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

"போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"அடிச்சான்னா?"

"வாங்கிக்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அவிசாவளை பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ஆறு நிறைந்து ஓடியது. ஒவ்வொரு ஊரிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. கொழும்பில் பஸ் மாறும்போது உண்மையாகவே திரும்புகிற பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டேன். கண்டக்டர் "ஏறுறீங்களா, எறங்குறீங்களா?" என்று சிங்களத்தில் கத்தியதும் ரோஷம் வந்து இறங்கினேன். என் வீரத்தில் பாதி அந்தக் கண்டக்டர் தந்தது.

பெந்தொட்டையில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். எல்லோருக்கும் தொப்பை, நரை. ஆற்றோரத்தில் மூன்று பழைய ஸ்கி, புதிதாகப் பெயின்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி. நிஸ்தார் தூரத்திலிருந்தே என்னைக் கண்டுகொண்டான். கையை விரித்துக்கொண்டு வந்தான். வலது காலைப் பக்கவாட்டில் வீசி வீசி வந்தான். ஒவ்வொரு வீச்சும் என் நெஞ்சில் விழுந்தது.

கட்டிப்பிடித்தான். பிளேன்டீ கொடுத்தான். நின்று ஓட்ட முடியாத கால் என்பதால் பாஸ்போர்ட் போட்டோவோடு கதை முடிந்துபோனதையும், அதற்குப் பிறகு அளுத்கமவில் படகு இன்ஜின் திருத்துகிற கடை போட்டதையும், மூன்று பெண் பிள்ளைகளையும் பற்றிச் சொன்னான். சிரித்துச் சிரித்துச் சொன்னான். நான் பிளேன்டீயைக் கீழே வைத்தேன்.

"நிஸ்தார்... ஒன்னு சொல்லணும்."

"செல்லு."

"அன்னைக்கு நான் ஒன்னப் பாத்தேன்."

அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. புரியவில்லை போலிருக்கிறது.

"தண்ணி தெறிக்கல்ல. நல்லாத் தெரிஞ்சுச்சு. ஒன் கண்ணப் பாத்தேன். பயந்துட்டேன். எக்ஸிலேட்டர விட்டுட்டேன். அழுத்தியிருந்தா திரும்பியிருக்கும். ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன்."

சிரிப்பு போயிற்று. நான் பார்த்த முகங்களிலேயே அவ்வளவு மெதுவாக மாறிய முகம் வேறில்லை. எழுந்தான். காலை வீசி வீசி ஆற்றுப் பக்கம் போனான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

ஓடிவிடலாமா? சத்தியமாக நினைத்தேன்.

திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு லைஃப் ஜாக்கெட். என் மடியில் எறிந்தான்.

"போடு."

"எதுக்கு?"

"அந்தத் திருப்பத்த இப்ப அடி. கேன் அங்கதான் ஈக்கி. நான் வள்ளத்துல போய் நிப்பேன். அன்னைக்கு நான் கெடந்த அதே எடத்துல."

"பைத்தியமாடா ஒனக்கு? எனக்கு அம்பத்திரண்டு வயசு. முப்பது வருஷமா இதத் தொட்டதே இல்ல."

"எனக்கும் அம்பத்திரண்டுதான். எனக்குக் காலும் இல்ல. போடு."

அவன் குரலில் விளையாட்டு இல்லை. மன்னிப்பும் இல்லை. சின்ன வள்ளமொன்றில் ஏறி, தானே துடுப்புப் போட்டு, ஆரஞ்சு கேனைத் தாண்டிப் போய் நிறுத்தினான். நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஜாக்கெட்டின் பட்டியை மூன்று தடவை இழுத்து இறுக்கினேன். ஒரு பூட்டு விழவேயில்லை. பக்கத்தில் நின்றவர் போட்டுவிட்டார். தண்ணீரில் இறங்கினேன். கலங்கல் தண்ணீர். கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற கயிற்றை மணிக்கட்டில் மாட்டினேன். எங்கள் காலத்தில் அதுகூட ஒழுங்காக இருந்ததில்லை.

முதல் தடவை எழுந்ததும் விழுந்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். இரண்டாம் தடவை முழங்கால் வரை ஏறினேன். மூட்டு இரண்டும் அழுதன. கரையில் யாரோ கை தட்டினார்கள். அழுத்தினேன். நின்றேன்.

நின்றுவிட்டேன்!

முகத்தில் காற்று. காலுக்குக் கீழே தண்ணீர் கருங்கல் தரை மாதிரி கடினமாகிவிட்டது. நீலப் புகை. ஒரு கணம் எல்லாமே திரும்பி வந்தது. சிவப்புத் துவாலை, முழங்கால் வரை டீ-ஷர்ட், எல்லாம்.

பிறகு கேன் வந்தது. கேனுக்கு அப்பால், நேர் எதிரே, வள்ளம். வள்ளத்தில் அவன். அவன் அசையவில்லை. துடுப்பைக்கூடத் தொடவில்லை. அதே கண்கள்.

என் விரல்கள் விரியத் தொடங்கின. பொய் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் அவை ஒன்றையும் கற்றிருக்கவில்லை. இன்ஜின் சத்தம் ஒரு சுருதி இறங்கியதைக் கேட்டேன். அதுதான்... அதே சத்தம். அதைக் கேட்டதும் எனக்குள்ளிருந்து ஒரு அலறல் வந்தது. அலறிக்கொண்டே அழுத்தினேன். உடம்பை இடது பக்கம் எறிந்தேன்.

ஸ்கி திரும்பியது.

என் பின்னால் எழும்பிய தண்ணீர்ச் சுவர் நிஸ்தாரை உச்சியிலிருந்து கால்வரை நனைத்தது. நான் இன்னும் முப்பது மீட்டர் போயிருப்பேன். பிறகு கால் துவண்டு, முகங்குப்புறத் தண்ணீரில் விழுந்தேன்.

மேலே மிதந்து வந்தபோது வள்ளம் பக்கத்தில் இருந்தது. நிஸ்தார் நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்தான். கை நீட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கைய விடப் பாத்த."

"ஆமா."

"கேட்டிச்சு."

நான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கும் கேட்டிச்சு மச்சான்" என்றான். "இன்ஜின் எறங்கினது எனக்குக் கேட்டிச்சு. நீ விட்டது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில நீ செல்லுவாண்டுதான் பாத்தேன். பயந்துட்டேண்டு ஒரு வார்த்த. நீ செல்லல்ல. ரெண்டு காயிதம் போட்டேன். அப்பவும் செல்லல்ல."

ஆற்றின் நடுவில் நான் அழுதேன். ஏற்கெனவே நனைந்திருந்ததில் ஒரு வசதி.

"அன்னைக்கே செல்லியீந்தா ஒன்ன அடிச்சீப்பேன். அப்புறம் மன்னிச்சும் ஈப்பேன்" என்றான். "இப்ப ரெண்டுக்கும் தெம்பு இல்ல. ஏறு. சோறு ஆறுது."

அப்போதுதான் கையை நீட்டினான்.

எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்தக் காலத்துக் கதைகள் ஓடின. எவன் கேனை மோதி உடைத்தான், எவன் பெட்ரோல் போட மறந்து நடு ஆற்றில் நின்றான்... நிஸ்தார் எல்லோரையும் விட அதிகம் சிரித்தான். என் பக்கம் மட்டும் அதிகம் பார்க்கவில்லை. பஸ் ஏற்ற வந்தான். கை கொடுத்தான்.

நண்பர்களே, நமக்குப் பயப்பட உரிமை இருக்கிறது. கை நடுங்கலாம், விடலாம், அது மனித உடம்பு. ஆனால் பயந்ததை மறைக்கிறோமே... காலை உடைத்தது என் பயம். நட்பை உடைத்தது அதை மறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பா கேட்டாள்: "மன்னிச்சாராங்க?"

"தெரியல்ல" என்றேன். உண்மையாகவே தெரியாது.

நேற்று மத்தியானம் போன் அடித்தது. நிஸ்தார். அந்த மூன்று ஸ்கியில் ஒன்று ஒழுங்காக ஓடவில்லையாம், கார்பரேட்டர் தொல்லையாம். பெட்ரோல் வருகிற எந்த ஜெட்டைக் கழற்றினான், எதைக் கழுவினான், நான் சொன்னது ஏன் சரிவராது... நாற்பது நிமிஷம் பேசினான். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மன்னிப்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கோபக்காரன் எவனும் நாற்பது நிமிஷம் கார்பரேட்டர் பற்றிப் பேசமாட்டான்!